ஈவு

கொடுத்தற்பொருள் தரும் 'ஈ' என்னும் வினையடியோடு 'வு' விகுதி சேர்ந்து பிறந்த 'ஈவு' என்னும் சொல், கொடையையும், பங்கிட்டளித்தலையும், கணித சாஸ்திரத்தில் வகுத்தலின் பயனாகக் கிடைக்கும் எண்ணையும் குறிப்பதாகும். புனேயை அடுத்த போசரியில் மராத்திவழிப் பயிலும் தமிழ்ச் சிறுவன் இதனைப் 'பாகாகார்' என்றும், மீதியைப் 'பாக்கி' என்றும் எழுதுவான். அரபு மூலமுடைய 'பாக்கி' நம் வீட்டுப் பேச்சிலும் வழங்குவதாதலின் அவனுக்கு அது அந்நியமன்று.

அவனே பின்னாளில் நிரலெழுதப் புகுந்து, சி மொழியில் 7-ஐ 2-ஆல் வகுக்க 3 என்றே விடை வரக் கண்டு திகைப்பானாயின், இரண்டும் முழு எண்களாதலால் ஈவு மாத்திரமே தரப்பட்டதென்றும், மீதியாகிய 1-ஐச் சதவீதக் குறியிட்டுத் தனியே பெறவேண்டுமென்றும் அவனுக்கு அன்புடன் உணர்த்தல் வேண்டும். அவ்வூர்த் தொழிற்பேட்டையில் 7 மீட்டர் இரும்புக் கம்பியை 2 மீட்டர்த் துண்டுகளாக அறுப்பவருக்கு 3 என்பதே யதார்த்தமான விடை. மூன்றரைத் துண்டு அவருக்குப் பிரயோஜனப்படாது.

நிரலில் 7-ஐ 7.0 என்றெழுதினாலோ விடை 3.5 ஆகும். அடுக்கெண்ணுக்கேற்பப் புள்ளி இடம்பெயர்வதால் இவ்வகை எண்ணை மிதவைப்புள்ளி எண் என்பர், பொருத்தமான பெயரே.

2008-இல் வெளிவந்த பைத்தான் 3 என்னும் நிரல்மொழி, 7-ஐ 2-ஆல் வகுக்கையில் ஒற்றைச் சாய்கோட்டுக்கு 3.5-ஐயும் இரட்டைச் சாய்கோட்டுக்கு 3-ஐயும் விதித்தது. ஆயினும் −7-ஐ 2-ஆல் வகுக்குங்கால், சி மொழி பூஜ்யத்தை நோக்கி −3 என நிற்க, பைத்தானின் இரட்டைச் சாய்கோடு கீழ்நோக்கி −4 என இறங்கும். மீதியும் முறையே −1, 1 என வேறுபடும்.