அந்தக் காதல் நிலைக்காது என்றார்கள்: ஃபார்ஸ்டரின் ‘மாரிஸ்’ நாவலும் வர்க்கமும் சாதியும்

1915-இல் லிட்டன் ஸ்ட்ரேச்சி என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்தார். அவருடைய நண்பர் இ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய நாவல் அது. பெயர் ‘மாரிஸ்’. இரண்டு ஆண்கள் காதலித்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றாக வாழப் போவதோடு கதை முடிகிறது. ஸ்ட்ரேச்சியும் தன்பால் ஈர்ப்பாளர்தான். ஆகவே ஆண்கள் காதலிப்பது அவருக்குப் பிரச்சினையாகப் படவில்லை. அவர் நம்ப மறுத்தது வேறொன்றை. காதலர்களில் ஒருவன் பங்குத் தரகு நிறுவனத்தின் கூட்டாளி. மற்றவன் ஒரு பண்ணையில் வேட்டைக் காவலாள். இவர்களுக்குள் பொதுவாக என்ன இருக்கிறது, இந்த உறவு சீக்கிரமே உடைந்துவிடும் என்று ஃபார்ஸ்டருக்கு எழுதினார்.

தோழர்களே, இந்தக் கடிதத்தை நாம் அக்கறையோடு பார்க்க வேண்டும். ‘எதிரெதிர் துருவங்கள் ஈர்க்கும்’ என்ற வாய்ப்பாட்டில் இன்று எத்தனையோ தன்பால் காதல் நாவல்கள் வருகின்றன. ஒருவன் கலகலப்பானவன், மற்றவன் உம்மணாமூஞ்சி. ஒருவனுக்கு ஒழுங்கு, மற்றவனுக்கு அலங்கோலம். இப்படிப்பட்ட எதிர்நிலைகளை வாசகர் சுலபமாக ஏற்றுக்கொள்வார், ஏனென்றால் அங்கே யாரும் எதையும் இழக்கத் தேவையில்லை. மேலே இருப்பவனும் கீழே வைக்கப்பட்டவனும் காதலிக்கும்போதுதான் ‘இது நம்பும்படி இல்லையே’ என்ற குரல் எழுகிறது. நம்பகத்தன்மை என்பதை எழுத்துத் திறமையின் கணக்கில் மட்டும் வைக்க முடியாது. யார் யாரோடு சேரலாம் என்று ஒரு சமூகம் வைத்திருக்கும் கணக்கும் அதற்குள் இருக்கிறது.

நீதிமன்றம் அந்தக் கணக்கை எப்படிப் பேசியது என்பதற்கு 1895-இல் ஆஸ்கர் வைல்டு சந்தித்த வழக்குகளே சாட்சி. 1885-இல் வந்த ஒரு சட்டத் திருத்தம் ஆண்களுக்கு இடையிலான உறவை, தனிமையில் நடந்தாலும், குற்றமாக்கியிருந்தது. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் வர்க்கம் பற்றியவை. வீட்டு வேலையாளோடும் குதிரைக்காரனோடும் உனக்கு என்ன விருந்து? கடற்கரை ஊரில் பழகிய ஏழை இளைஞனுக்கு ஏன் நல்ல உடுப்பு வாங்கிக் கொடுத்தாய்? பெரிய மனிதன் ஒருவன் வேலைக்காரனோடு ஒரே மேசையில் உட்கார்ந்ததையே அங்கே குற்றத்துக்கான தடயமாக வைத்தார்கள். வைல்டுக்கு இரண்டு ஆண்டுகள் கடுங்காவல் கிடைத்தது. உடன் உண்ணுதலைத் தீட்டாக்கிய மண்ணில் பிறந்த நமக்கு இந்த விசாரணையின் மொழியை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அச்சம் காற்றில் இருந்த காலத்தில்தான், 1913-இல், ஃபார்ஸ்டர் ஷெஃபீல்ட் அருகே உள்ள மில்தோர்ப் கிராமத்துக்குப் போனார். அங்கே எட்வர்ட் கார்ப்பெண்டர் என்ற சோசலிச எழுத்தாளர் தன் துணைவர் ஜார்ஜ் மெரிலோடு வாழ்ந்துகொண்டிருந்தார். கார்ப்பெண்டர் கேம்பிரிட்ஜில் படித்தவர், திருச்சபைப் பணியை உதறிவிட்டு வந்தவர். மெரில் ஷெஃபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த தொழிலாளி. 1891-இல் அறிமுகமான இருவரும் 1898 முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். மெரில் 1928-இல் இறக்கும்வரை பிரியவில்லை. அடுத்த ஆண்டு கார்ப்பெண்டரும் இறந்தார். அந்த வீட்டிலிருந்து திரும்பிய கையோடு ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ எழுதத் தொடங்கினார். ஆக, உடைந்துவிடும் என்று ஸ்ட்ரேச்சி சொன்ன உறவின் முன்மாதிரி முப்பது ஆண்டுகள் உடையாமல் இருந்திருக்கிறது. வரலாற்றில் நடந்தது, நாவலில் நம்பமுடியாததாகத் தோன்றியிருக்கிறது.

நாவலுக்கு வருவோம். மாரிஸ் ஹால் முதலில் காதலிப்பது கிளைவ் டர்ஹம் என்ற நிலவுடைமையாளனை. இருவரும் கேம்பிரிட்ஜ் மாணவர்கள். ஒரே படிப்பு, ஒரே பேச்சு, பக்கத்துப் பக்கத்து வர்க்கம். அகமணத்தின் தர்க்கப்படி இது பொருத்தமான சோடி. கிளைவ் கிரேக்கத் தத்துவம் பேசி உடலைத் தள்ளிவைக்கிறான். பிறகு ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு அரசியலுக்குப் போகிறான். அவனுடைய பண்ணையில் வேலை செய்பவன்தான் அலெக் ஸ்கடர். மாரிஸ் அலெக்கைக் காதலிக்கிறான் என்று கடைசியில் தெரியும்போது, தன் வேலையாளோடு அப்படி ஒரு நெருக்கம் இருக்க முடியும் என்பதையே கிளைவால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

அலெக்–மாரிஸ் காதலை வாசகர் நம்புவது ஏன்? அவர்களுக்கு இடையிலுள்ள சுவரை ஃபார்ஸ்டர் மறைக்கவில்லை. விருந்தாளிகள் நீட்டும் ஐந்து ஷில்லிங் இனாமை அலெக் வாங்க மறுக்கிறான். தொகை போதவில்லை என்றுதான் மறுத்திருப்பான் என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள். கீழே இருப்பவனுக்கு மானம் என்று ஒன்று இருக்கலாம் என்பது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை. ஓர் இரவு அலெக் ஏணி வைத்து ஏறி மாரிஸின் அறைக்கு வருகிறான். விடிந்ததும் மாரிஸைப் பயம் பிடித்துக்கொள்கிறது. அலெக் எழுதும் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை. பணம் பறிக்கப் பார்க்கிறான் என்று சந்தேகப்படுகிறான். அவமானப்பட்ட அலெக், தன் குடும்பமும் கௌரவமானதுதான், தன்னை இப்படி நடத்துவது நியாயமில்லை என்று மறுபடி எழுதுகிறான், மிரட்டவும் செய்கிறான்.

இருவரும் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் சந்திக்கும் இடம் நாவலின் உயிர். ஆளுக்கு ஆள் வர்க்கத்தின் ஆயுதத்தை எடுக்கிறார்கள். ஒருவன் கையில் அதிகாரம், மற்றவன் கையில் ரகசியம். அப்போது மாரிஸின் பழைய ஆசிரியர் ஒருவர் எதிர்ப்பட்டுப் பெயரைத் தவறாகச் சொல்கிறார். மாரிஸ் திருத்துகிறான். ஆனால் அவன் வாயில் வரும் பெயர் ஸ்கடர். மேலே இருப்பவன் கீழே இருப்பவனின் பெயரைத் தன் பெயராகச் சொல்லும் அந்தக் கணத்தில் ஏதோ அசைகிறது. ஒரு முத்தக் காட்சியால் இந்த வேலையைச் செய்ய முடியாது.

அடுத்து விலை பற்றிய பேச்சு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு என்னோடு இரு என்று மாரிஸ் கெஞ்சுகிறான். அலெக் உடனே உருகிவிடுவதில்லை. அர்ஜென்டினாவுக்குக் கப்பல் சீட்டு எடுத்தாகிவிட்டது, அங்கே வேலை காத்திருக்கிறது, நீ சொல்வது நடக்கிற காரியமா என்று கேட்கிறான். வேலையை விடுவது என்றால் என்ன என்று உழைப்பவனுக்குத் தெரியும். சேமிப்பு உள்ளவனுக்குத்தான் அது சாகசமாகத் தெரியும். முடிவில் அலெக் கப்பலை விடுகிறான், மாரிஸ் தரகு வேலையையும் வீட்டையும் விடுகிறான். அலெக்கைப் படிக்கவைத்து, உடை மாற்றி, மேலே தூக்கிச் சபையில் உட்கார வைக்கும் கதை இது அல்ல. இறங்கி வருபவன் மாரிஸ்.

ஸ்ட்ரேச்சியின் விமர்சனத்துக்கு ஃபார்ஸ்டர் கொடுத்த பதிலும் இதில் ஒரு பாடம். அடுத்தடுத்த திருத்தங்களில் அவர் சேர்த்த பகுதிகள் அலெக்குக்காகவே சேர்த்தவை என்று 1960-இல் எழுதிய பின்குறிப்பில் சொல்கிறார். பாத்திரம் இன்னும் இடம் கேட்டதாம். இருவரும் மரவெட்டிகளாக வாழ்வதைக் காட்டும் பின்னுரை அத்தியாயம் ஒன்றையும் முதலில் எழுதினார். படித்தவர்களுக்குப் பிடிக்காததால் நீக்கிவிட்டார். காதல் நிலைக்கும் என்று வாக்குறுதி கொடுப்பதால் வாசகர் நம்பிவிடுவதில்லை. கீழே வைக்கப்பட்டவன் முழு மனிதனாக எழுந்து நிற்கும்போதுதான் நம்புகிறார்.

நாவல் அச்சேறியது 1971-இல், ஃபார்ஸ்டர் இறந்த மறு ஆண்டு. மகிழ்ச்சியான முடிவில் அவர் பிடிவாதமாக இருந்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம். காதலர்கள் தூக்கில் தொங்கியிருந்தால் சட்டத்துக்குத் தொல்லை இல்லை. வாழப் போனதுதான் குற்றம். இங்கிலாந்து 1967-இல் சட்டத்தைத் தளர்த்தியது. அவர்கள் 1860-இல் நமக்கு எழுதிக் கொடுத்த 377-ஆவது பிரிவின் பிடி 2018-இல்தான் தளர்ந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். நாவல் ஏறக்குறைய முழுவதும் மாரிஸின் கண் வழியாகவே நடக்கிறது. அலெக்கின் மனதுக்குள் நாம் போவதே அரிது. இந்தக் குறை தற்செயலானது அல்ல. முல்க் ராஜ் ஆனந்தின் ‘தீண்டத்தகாதவன்’ நாவலை 19 பதிப்பகங்கள் மறுத்தன. 1935-இல் அது வெளிவர உதவியது இதே ஃபார்ஸ்டர் எழுதிய முன்னுரை. அதற்கு நன்றி. ஆனால் அந்த முன்னுரையில், வெளியிலிருந்து பார்க்கும் ஓர் இந்தியரால்தான் இதை எழுத முடியும், தீண்டத்தகாதவர் ஒருவர் எழுதியிருந்தால் கோபத்திலும் சுயபச்சாதாபத்திலும் சிக்கியிருப்பார் என்று கருத்துச் சொன்னார். அலெக்கை நேசிக்கத் தெரிந்தவருக்கு, அலெக் பேனா பிடிப்பான் என்று தோன்றவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ உரையை அச்சிட்டார். தலித் எழுத்தின் கோபத்தால் என்ன முடியும் என்பதற்கு அதைவிட வேறு பதில் வேண்டாம்.

வர்க்கமும் சாதியும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைப்போம். அர்ஜென்டினா போனால் அலெக் வேறு ஆளாகலாம். சாதி கப்பலேறியும் கூடவே வரும். தன்பால் காதலிலும் அது புகும். 2015-இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மணமகன் தேடி நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். துணிச்சலான செயல் என்று நாடே பாராட்டியது. அந்த விளம்பரத்திலும் ஐயர் என்றால் முன்னுரிமை என்ற வரி இருந்தது.

உங்களில் பலர் எழுதுகிறீர்கள், இன்னும் பலர் எழுதப் போகிறீர்கள். சாதி தாண்டிய தன்பால் காதலை எழுதும்போது, படிக்கும்போது, சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தக் காதலுக்கு யார் விலை கொடுக்கிறார்? சேரிக்காரனின் பயம் எழுதப்பட்டிருக்கிறதா, அல்லது ஊர்க்காரனின் குற்றவுணர்வு மட்டும்தானா? ஒருவன் மற்றவனை மேலே தூக்கிவிடுகிறானா, தான் இறங்கி வருகிறானா? முக்கியமாக, கதை யாருடைய மனதுக்குள் நடக்கிறது? அலெக் ஸ்கடரின் பக்கத்திலிருந்து அந்தக் கதையை ஃபார்ஸ்டர் எழுதவில்லை. நம் அலெக்குகளின் கதையை நாம்தான் எழுத வேண்டும்.