கேட்பது மட்டுமே வேலை

உளவுப் படங்களில் பெண் என்றால் மயக்கி ரகசியம் பறிப்பவள். நிஜத்தில் அவள் பெரும்பாலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பிறர் பேச்சைக் கேட்டு எழுதித்தரும் அரசு ஊழியர். இங்கிலாந்தின் செல்டன்ஹாமில், ஜி.சி.எச்.க்யூ. என்ற ஒட்டுக்கேட்பு நிறுவனத்தில் சீன மொழிபெயர்ப்பாளராக இருந்த கேத்தரின் கன் அப்படிப்பட்டவர். வயது 28.

2003 ஜனவரி 31 அன்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிலிருந்து அங்கே ஒரு மின்னஞ்சல் வந்தது. ஈராக் போருக்கு ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒப்புதல் பெற 15இல் 9 வாக்குகள் வேண்டும். இன்னும் முடிவெடுக்காத அங்கோலா, கேமரூன், சிலி, பல்கேரியா, கினி, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் பிரதிநிதிகளை ஒட்டுக்கேட்க உதவுங்கள் என்றது அது. அலுவலகத் தொலைபேசியோடு வீட்டுத் தொலைபேசியும் சேர்த்து! பட்டியலில் எதிரி நாடு ஒன்றுகூட இல்லை. ஏழை நாட்டுத் தூதர் இரவில் வீட்டாரிடம் சொல்லும் கவலையும் வாக்குப் பேரத்துக்கு உதவும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கேத்தரின் அதை அச்செடுத்து வெளியே கொண்டுபோனார். ஒரு தோழி வழியாக அது பத்திரிகையாளர்களிடம் போய், மார்ச் 2 அன்று 'அப்சர்வர்' இதழில் வெளியானது. அலுவலகத்தில் பெண் ஊழியர் ஒருவர் வழக்கம்போல அமெரிக்க எழுத்துக்கூட்டலை பிரிட்டிஷ் முறைக்கு மாற்றியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு 'போலி ஆவணம்' என்றார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் செய்தியைக் கைவிட்டன. மார்ச் 20இல் போர் தொடங்கிவிட்டது, அந்த ஒப்புதல் இல்லாமலேயே.

சக ஊழியர்களை ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கியதும் கேத்தரின் தானே போய் ஒப்புக்கொண்டார். கைது செய்யப்பட்டு, நவம்பரில் அரசு ரகசியச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டார். துருக்கியிலிருந்து வந்த குர்தியரான அவர் கணவரை நாடுகடத்தும் முயற்சியும் நடந்தது. பெண்ணைப் பணியவைக்க வீட்டுக்குள் கைவைப்பது நமக்குப் பழகிய வழிதான்.

போர் சட்டப்படி சரியா என்று அரசுக்குத் தரப்பட்ட ஆலோசனையை வெளியிடுங்கள் என்று அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டார்கள். 2004 பிப்ரவரி 25 அன்று நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு, சாட்சியம் எதையும் முன்வைக்கப்போவதில்லை என்றது. அரை மணி நேரத்துக்குள் வழக்கு முடிந்தது.

மறுநாள் காலை, போருக்குப் பிந்தைய ஈராக்கில் ஐ.நா.வின் பங்கு குறித்த கருத்துவேறுபாட்டால் பதவி விலகியிருந்த முன்னாள் அமைச்சர் கிளேர் ஷார்ட் பிபிசி வானொலியில் பேசினார். ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் உரையாடல்களும் ஒட்டுக்கேட்கப்பட்டன, அவற்றின் எழுத்துப்பிரதிகளைத் தானே படித்ததாகச் சொன்னார்.