லீவர் இல்லாத பெட்டி

சமயநல்லூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "இவன் ஸ்விட்ச் போர்டு மாதிரி என்னத்தையோ செஞ்சு வெச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டக்கு டக்குன்னு தட்டிக்கிட்டே இருக்கான்டா. ஒரு எட்டு வந்து என்னான்னு கேளு."

பயம் என்ன என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டவர்கள் கதையைப் பேப்பரில் படிக்காத அம்மா தமிழ்நாட்டில் உண்டா என்ன?

போனேன். பிளைவுட் பெட்டி. மேலே வட்ட வட்டமாகப் பட்டன்கள். ஆசாரியிடம் கொடுத்து முப்பது மில்லிமீட்டர், இருபத்துநாலு மில்லிமீட்டர் என்று அளந்து துளை போட்டிருக்கிறான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சை நிற சர்க்யூட். ராஸ்பெர்ரி பை பிகோ என்று பெயர். 2021-ல் நாலு டாலர் விலைக்கு வந்த சமாச்சாரம். இதற்கான மென்பொருளை யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள்.

"சரி, லீவர் எங்கடா?"

"லீவரே கிடையாது மாமா. அதான் விஷயமே."

என் காலத்தில் லீவர் இருந்தது. தொண்ணூறுகளில் சமயநல்லூரிலிருந்து பஸ் பிடித்துப் பெரியார் நிலையத்தில் இறங்கினால் வீடியோ கேம்ஸ் கடை. கால்சட்டைப் பையில் காயின். மரப்பெட்டி, அதில் டிவி, சிவப்பு உருண்டை வைத்த லீவர். நாங்கள் 'முஸ்தபா' ஆடினோம். 'காதல் தேசம்' பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1993-ல் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' விளையாட்டில் முஸ்தபா என்று ஒரு தொப்பிக்காரர் வருவார். அதை அந்தப் பெயரில் கேட்டால்தான் கடைக்காரருக்கே தெரியும். அதில் நானும் நண்பனும் ஒரே கட்சி. பக்கத்து பெட்டியில் ஆடியவர்கள் வேறு ஜாதி. ஒருத்தனை ஒருத்தன் அடிப்பார்கள். தோற்றவன் காயின் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பி.காம். படித்தபிறகுதான் அந்தக் கடைக்காரரின் லாப நஷ்டக் கணக்கு எனக்கு விளங்கியது.

லீவர் எங்கே போயிற்று என்று தெரிய, நீங்கள் என்னோடு 1987-க்கு வரவேண்டும்.

அந்த வருஷம் காப்காம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்று ஒரு சண்டை விளையாட்டைக் கொண்டு வந்தது. அதில் பட்டன் கிடையாது. குத்துக்கு ஒன்று, உதைக்கு ஒன்று என்று இரண்டு ரப்பர் மெத்தைகள். மெதுவாகத் தட்டினால் மெதுவான அடி. ஓங்கிக் குத்தினால் பலமான அடி. கேட்க அருமையான யோசனைதானே? கடைக்கு வந்தவர்கள் வீட்டுக் கோபம், ஆபீஸ் கோபம் எல்லாவற்றையும் அந்த மெத்தையில் காட்டினார்கள். கை வீங்கியது. மெஷின் பழுதானது. கடைசியில் மெத்தைக்குப் பதிலாகக் குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என்று ஆறு பட்டன்களை வைத்தார்கள். உலகம் முழுக்க இன்றும் சண்டை விளையாட்டு என்றால் பலருக்கு நினைவு வருவது அந்த ஆறுதான். மனிதர்களின் முரட்டுத்தனத்துக்குப் பயந்து செய்த ரிப்பேர் வேலை அது!

1991-ல் வந்த இரண்டாம் பாகம்தான் ஊரைக் கலக்கியது. அதன் பெரிய அதிசயமும் ஒரு பிழை. ஃபுனமிசு என்பவர் விளையாட்டில் குறைகள் இருக்கின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தார். காரை அடித்து நொறுக்கும் ஒரு கட்டத்தில், ஓர் அடி முடியும் முன்பே அடுத்த அடியைச் சொருக முடிவதைக் கவனித்தார். இத்தனை கஷ்டமானதை எவன் ஆடப்போகிறான் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஆடினார்கள். 'காம்போ' என்று பையன்கள் உயிரை விடுவது அதற்குத்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. திரையில் ஒரு நொடிக்கு அறுபது படங்கள் ஓடும். 2023-ல் வந்த ஆறாம் பாகத்தில் வேகமான குத்து நாலே படத்தில் வந்துவிடும். நமக்குக் கண்ணால் பார்த்துக் கை அசைய ஏறக்குறைய கால் நொடி, அதாவது பதினைந்து படம் ஆகும். பார்த்துத் தடுக்கவே முடியாது. எதிராளி என்ன செய்வான் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. எதிராளியிடம் அடி வாங்கித்தான் கற்க முடியும்.

சரி, லீவர். ஜப்பான்காரர்கள் லீவருக்கு அடியில் சதுரமான தடுப்பு வைத்தார்கள். மூலைக்குப் போனால் கைக்குத் தெரியும். கொரியாக்காரர்கள் தடுப்பே வேண்டாம் என்று ரப்பர் வளையம் போட்டார்கள். கையை விட்டதும் விருட்டென்று நடுவுக்கு வந்துவிடும். 'டெக்கன்' விளையாட்டில் பின்னோக்கிப் பாய அதுதான் தோது. அவனவன் ஊர் விளையாட்டுக்கு ஏற்ற லீவர்.

பிறகு யாரோ யோசித்தார்கள். லீவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக நேரமாகிறதே, நாலு திசைக்கும் நாலு பட்டன் வைத்தால் என்ன? அங்கேதான் வம்பு. லீவரை ஒரே நேரத்தில் இடமும் வலமும் தள்ள முடியாது. பட்டனை அழுத்த முடியும். பின்னால் பதுங்கிக்கொண்டே முன்னால் வீசும் வசதி கிடைத்துவிட்டால்? 2019-ல் டைகோ உமேஹரா இப்படி ஒரு பெட்டியோடு வந்தபோது காப்காம் தன் போட்டிகளில் அனுமதிக்கவில்லை. டைகோ சாதாரண ஆள் இல்லை. 2004-ல் கலிபோர்னியாவில் ஒரு துளி உயிரோடு நின்று, எதிராளியின் சரமாரி உதைகள் அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு ஜெயித்த மனிதர். (அடுத்து வந்த இறுதிப் போட்டியில் தோற்றார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார் என்பதையும்.) 2023-ல்தான் சமரசம் ஆனது. இடமும் வலமும் சேர்ந்து அழுத்தினால் இரண்டும் செல்லாது. அந்த விதியோடு பெட்டி உள்ளே வரலாம்.

சமயநல்லூர் பெட்டி அந்த விதிப்படிதான் வேலை செய்கிறது. சோதித்துக் காட்டினான்.

ஆனால் பெட்டி மட்டும் போதுமா?

2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் டெக்கன் போட்டி. ஜப்பான், கொரியா ஜாம்பவான்கள் நடுவே, விசாவுக்கும் விமானத்துக்கும் அல்லாடி வந்து சேர்ந்தார் லாகூர்க்காரர் அர்சலான் ஆஷ். பட்டம் அவருக்கு. ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் கொரியாவின் 'நீ' என்ற மகா வீரரை வென்று அங்கேயும் பட்டம். எல்லோரும் வாயைப் பிளந்தபோது, எங்கள் ஊரில் என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். தன்னடக்கம் என்று நினைத்தார்கள். 2023-ல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெக்கன் உலகச் சுற்று இறுதிப் போட்டியை ஜெயித்தவரும் ஒரு பாகிஸ்தானியர், ஆதிஃப் பட்.

லாகூரில் என்ன இருந்தது? விலை உயர்ந்த கருவிகளா? இல்லை. டோக்கன் போட்டு ஆடும் கடைகள் இருந்தன. பக்கத்தில் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து தோற்கடிக்க ஆள் இருந்தது. நம் ஊரில் அந்தக் கடைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மால்களில் இருப்பது குழந்தைகள் கார் ஓட்டும் மெஷின்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். அந்தக் கடைகளை ஒழிக்கச் சொன்ன பெற்றோர்களில் என் அப்பாவும் ஒருவர்.

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கும் பதக்கம் வைத்தார்கள். இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் இருவரும் போனார்கள். பதக்கம் இல்லை. தங்கம் வாங்கிய கொரியாவின் கிம் குவான்வூவுக்கு என்ன வயது தெரியுமா? நாற்பத்து நாலு! சின்ன வயதில் அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு கேம்ஸ் கடைக்கு ஓடிய ஆள். இதைச் சொன்னபோது அக்கா முகம் லேசாகத் தெளிந்தது.

"அப்ப இது ரம்மி மாதிரி இல்லியாடா?"

"இல்லக்கா. இதுல பணம் கட்டி ஆடுறது இல்ல. 2025 சட்டத்துலயே காசு கட்டி ஆடுறது வேற, இ-ஸ்போர்ட்ஸ் வேறன்னு பிரிச்சுட்டாங்க."

"ரெண்டு மணி வரைக்கும் முழிக்கிறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையன் சொன்னான். "ஆன்லைன்ல ராத்திரிதான் ஆள் கிடைக்கிது மாமா. அதுவும் லேக் ஆவுது. நேர்ல ஆட இங்கிட்டு யாரும் இல்ல."

ஒரு ஆட்டம் போட்டோம். பழைய லீவர் ஞாபகத்தில் இடது கை வெறும் காற்றைப் பிடித்தது. இருபது நொடியில் என் ஆள் தரையில். அடுத்த ஆட்டத்தில் இருபத்தைந்து நொடி தாக்குப்பிடித்தேன்.

கிளம்பும்போது ஆசாரிக்கு போன் போடச் சொன்னேன். அதே அளவில் இன்னொரு பெட்டி. அதில் மட்டும் லீவர் வைக்க ஒரு துளை வேண்டும்.