பிழை விட்ட ஆட்டக்காரர்

கடைசி நிமிடத்தில் பிழை விட்டு அணியைத் தோற்கடித்த பிள்ளையை நாங்கள் ஊரில் எப்படிப் பேசுவோம் என்பது தெரிந்ததுதானே? வருடக்கணக்கில் விடமாட்டோம். அதனால்தான் ஜிம் ஸ்டைன்ஸின் கதையை எழுதுகிறோம்.

அயர்லாந்தின் டப்ளினில் பிறந்து, கேலிக் உதைபந்தாட்டம் ஆடி வளர்ந்தவர். 1984இல் 18 வயதில் மெல்பேர்ன் கழகம் அவரை அழைத்துச் சென்றது. அவுஸ்திரேலிய ஆட்டத்தில் அவருடைய இடம் 'ரக்மன்'. நடுவர் பந்தை மேலே எழுப்பியதும், எதிராளியை விட உயரப் பாய்ந்து தன் ஆட்களுக்குத் தட்டிக் கொடுக்க வேண்டும். நெட்டையானவர்களின் வேலை.

1987 அரையிறுதி. இறுதிப் போட்டிக்குப் போக மெல்பேர்னுக்கு இன்னும் ஓர் உதையைத் தாண்டினால் போதும். 4 புள்ளிகள் முன்னிலை. ஹோதோர்ன் அணியின் பக்கனாரா தூரத்தில் நின்று உதைக்கத் தயாராகிறார். அவருக்குக் குறுக்கே ஸ்டைன்ஸ் ஓடிவிட்டார். தண்டனை 15 மீற்றர். அவ்வளவு கிட்ட வந்த பக்கனாரா கோல் அடித்தார், 6 புள்ளிகள். இரண்டு புள்ளிகளால் தோல்வி!

21 வயது அவருக்கு. கழகம் அவரைத் தூக்கி எறியவில்லை, அவரும் ஓடி ஒளியவில்லை. 1987 முதல் 1998 வரை ஒன்றைக்கூட விடாமல் தொடர்ந்து 244 போட்டிகள் ஆடினார். அது நீண்ட காலம் சாதனையாக இருந்தது. 1991இல் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கமும் கிடைத்தது.

1994இல் இளைஞர்களுக்காக 'ரீச்' அமைப்பை இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கினார். 2008இல் கடனில் கிடந்த அதே கழகத்துக்குத் தலைவரானார். அடுத்த வருடம் புற்றுநோய். 2012 மார்ச்சில், 45 வயதில் காலமானார். டப்ளின்காரரான அவருக்கு மெல்பேர்னில் அரச மரியாதையுடன் இறுதிக்கிரியை நடந்தது.