சுக்கானும் மசகும்: பாய்மரக் கலங்களின் திசைக்கருவிப் பராமரிப்பு குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

தமிழரின் கடலோடல் பற்றிய ஆய்வுகள் துறைமுகங்களையும் வணிகக் குழுக்களையும் கடற்படையெடுப்புகளையும் விரிவாகப் பேசியுள்ளன. கலத்தைத் திருப்பிய கருவி எவ்வாறு பொருத்தப்பட்டிருந்தது, அது இறுகிவிடாமல் இருக்க எதைப் பூசினர் என்னும் வினா அவற்றுள் அரிதாகவே எழுந்துள்ளது. பாய் கிழிந்தால் நடுக்கடலிலேயே தைத்துக்கொள்ளலாம். திசைக்கருவி இறுகிவிட்டால் நல்ல காற்றே கலத்தைப் பாறையில் கொண்டுசேர்க்கும். இவ்வினாவை ஆய்வாளர் கண்ணிலிருந்து மறைத்ததில் ஒரு சொல்லுக்கும் பங்குண்டு. பண்டைய கலங்களைப் பற்றி எழுதுவோர் அனைத்துக் காலத்துக்கும் 'சுக்கான்' என்ற ஒரே சொல்லை ஆள்கின்றனர். அதனால் இரு வேறு கருவிகளும் அவற்றுக்குரிய இரு வேறு பராமரிப்பு முறைகளும் ஒன்றாகிவிடுகின்றன.

அகநானூற்றின் 255ஆம் பாடலில் மதுரை மருதன் இளநாகனார், இரவு பகலாக ஓடும் வங்கத்தையும், மாடத்து ஒளியைக் குறியாகக் கொண்டு அதனைச் செலுத்தும் நீகானையும் காட்டுகிறார். நீகானின் கையிலிருந்த கருவிக்கு அப்பாடலில் பெயரில்லை. அக்கருவியின் வடிவைப் பிற சான்றுகளிலிருந்தே பெற வேண்டும். சோழமண்டலக் கரையில் கிடைத்துள்ள சாதவாகனர் காசுகளில் பொறிக்கப்பட்ட இருபாய்மரக் கப்பலிலும், அசந்தா இரண்டாம் குகை ஓவியத்தின் கப்பலிலும் பின்புறப் பக்கவாட்டில் நீண்ட துடுப்புகள் காணப்படுகின்றன. போரோபுதூர்ப் புடைப்புச் சிற்பங்களும் இவ்வமைப்பையே காட்டுகின்றன. இந்தோனேசியாவின் பினிசிக் கலங்கள் இன்றும் இரு பக்கத் துடுப்புகளால் திசை மாறுவதைக் காண்போர்க்கு இம்முறை எளிதில் விளங்கும்.

இத்தகைய துடுப்பு கலத்தின் பக்கத்தில் கயிற்றால் பிணைக்கப்படுவது. ஒவ்வோர் அலையும் அதனை அசைக்கும். மரத்தோடு மரம் உராயும், கட்டு தளரும். எனவே பராமரிப்பு என்பது பெரும்பாலும் கயிற்றை மாற்றுவதும், உராயும் இடத்தில் கொழுப்போ எண்ணெயோ தடவுவதும் ஆகும். உப்புநீரைத் தாங்கும் தென்னங்கயிறு இக்கரைகளில் தாராளமாகக் கிடைத்தது. கடலிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

'சுக்கான்' அரபுமொழிச் சொல். சுக்கான் பிடிப்பவனைக் குறித்த 'சுக்கானி' என்ற வடிவம் பாரசீக வழியாக இந்தியப் பெருங்கடல் மாலுமிகளிடையே பரவி, ஆங்கிலேயர் கப்பல்களிலும் வழங்கியது. 1237இல் அல்-வாசித்தி தீட்டிய மக்காமாத் சுவடி ஓவியத்தில், கப்பலின் பின்கட்டையில் தொங்கவிடப்பட்ட சுக்கான் தெளிவாகத் தெரிகிறது. கலத்தோடு சேர்ந்து சொல்லும் நம் கரைக்கு வந்தது எனலாம். பிற்காலத்தில் பரவலான அமைப்பில், சுக்கானில் உள்ள இரும்பு முளைகள் பின்கட்டையில் அறைந்த வளையங்களுக்குள் இறங்கித் திரும்பும். கயிற்றின் இடத்தை இரும்பு பிடித்தது; கவலையும் அதனோடு மாறியது. உப்புநீர் இரும்பை அரிக்கும். உலர்ந்த உப்பும் மணலும் முளைக்கும் வளையத்துக்கும் இடையே அரம்போல் அராவும். துருவேறிய முளையைக் கடலில் மாற்ற இயலாது. சுக்கானைக் கழற்றி, நன்னீரில் கழுவி, துருவைச் சுரண்டி, எண்ணெயிட்டு மீண்டும் மாட்டக் கரை வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். மத்திமீன் எண்ணெய் காற்றுப்பட்டால் பிசின்போல் இறுகும். பலகையின் மேற்பூச்சுக்கு அது குணம். முளைக்கு அதுவே குற்றம். ஆமணக்கெண்ணெய் உலர்வதில்லை, தடிப்பானது, இரும்பில் நன்கு ஒட்டி நிற்கும். கலத்தில் பூசும் எண்ணெய்கள் யாவற்றையும் ஒரே பெயரில் அடக்கும் விவரணைகள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றன.

இரும்பு முளையின் இடர் ஐரோப்பியரையும் வருத்தியது. பிரித்தானியக் கடற்படை 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத்தகடு போர்த்தியது. 1763இல் சோதித்தபோது, செம்பு தொட்ட இடங்களில் இரும்பு ஆணிகள் வெகுவாக அரிக்கப்பட்டிருந்தன. பின்னர் அக்கடற்படை செப்புக்கலவை ஆணிகளுக்கு மாறியது. சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்து அடிப்பலகையில் பூசிய இந்தியப் பெருங்கடல் கலங்களுக்கு இச்சிக்கல் எழவில்லை. அப்பூச்சு மரந்துளைக்கும் புழுவைத் தடுத்தது. செம்பு இல்லாததால் இரும்பையும் கெடுக்கவில்லை. இதனைப் பின்தங்கிய முறை எனத் தள்ளுவது பொருந்தாது.

தூத்துக்குடித் தோணிகளில் இப்பராமரிப்பின் நெருக்கடி கூடுதலாக இருந்திருக்க வேண்டும். 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் முன், கரையோரக் கடல் ஆழமற்றதாக இருந்ததால் பெருங்கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன. சரக்கைத் தோணிகளே ஏற்றி இறக்கின. வ.உ. சிதம்பரனாரின் 'காலியா', 'லாவோ' நீராவிக் கப்பல்களைப் பற்றி நிறைய எழுதியுள்ள நாம், அவற்றுக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துச் சென்ற தோணிகளுக்குச் சில பக்கங்களே ஒதுக்கியுள்ளோம். ஆழமற்ற நீரில் அடிமட்டத்துக்குக் கீழே இறங்கும் சுக்கான் முதலில் தரைதட்டும். ஆகவே அதனைத் தூக்கவும் கழற்றவும் முடிய வேண்டும். துருப்பிடித்த முளை இதற்கு இடந்தராது.

மசகு பற்றிய சொல்வழக்கைத் தேட நிலத்துக்குத் திரும்ப வேண்டியுள்ளது. கடலைக் காணாத திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலும் இராசபாளையத்திலும் மாட்டுவண்டி ஓட்டிய முதியோர், ஆமணக்கெண்ணெயில் வைக்கோற்கரி குழைத்து இருசுக்கு இடும் மசகை அறிவர். கரி எண்ணெயை வழியவிடாமல் நிறுத்தும். ஆமணக்கெண்ணெய் 19ஆம் நூற்றாண்டில் இந்திய இரயில்வேக்கும் உயவெண்ணெயாகப் பயன்பட்டது. உப்பு வணிகரான உமணர் வண்டியில் மாற்று அச்சைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்று 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாக்குகிறார். அச்சுத் தேயும் என்ற முன்னறிவு அத்தனை பழையது. கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கு வண்டியும் பிற கரைகளுக்குத் தோணியும் சுமந்தன. அவை சந்தித்த இடங்களில் மசகும் கைமாறியிருக்கும் எனக் கருத இடமுண்டு. தேர் கடலில் ஓடாது, நாவாய் நிலத்தில் ஓடாது என்பது 496ஆம் குறளின் கருத்து. மசகுக்கு அந்த வரம்பில்லை.

கடற்கரைத் தச்சரிடமும் வண்டித் தச்சரிடமும் இச்சொற்களை ஒருசேரத் தொகுப்பதே அடுத்துச் செய்ய வேண்டிய கள ஆய்வு. இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் 'மசகு எண்ணெய்' இன்று கிணற்றிலிருந்து எடுத்த, சுத்திகரிக்காத கச்சா எண்ணெயைக் குறிக்கிறது. வண்டியின் இருசை அச்சொல் அங்கே நினைவூட்டுவதில்லை.