இரவல் சிறகுகள்

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூரா, யாழ்ப்பாணமா?

இதென்ன கேள்வி, கோயம்புத்தூர்தான் என்பீர்கள். பஸ் கணக்கில் சரி. காக்கா பறக்கிற கணக்கில் தப்பு! மேப்பில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். விழுப்புரத்திலிருந்து கோவை நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் சுமார் 250தான்.

இந்த 40 கிலோமீட்டர் லாபத்தை எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒரு காலத்தில் நன்றாகவே அனுபவித்திருக்கிறார்கள். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த சிதம்பரத்தில் 1864-ல் பள்ளிக்கூடம் நடத்தியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான சி.வை. தாமோதரம் பிள்ளையும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். கடல் நடுவில் இருந்தது, அவ்வளவுதான். வேலி இல்லை.

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போக்குவரத்து இன்னும் சுலபமாயிற்று. எழும்பூரில் ‘போட் மெயில்’ ஏறினால் திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் தாண்டி தனுஷ்கோடி. அங்கே ரயிலிலிருந்து இறங்கிக் கப்பல். அக்கரையில் தலைமன்னாரில் கப்பலிலிருந்து இறங்கி மறுபடி ரயில். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே டிக்கெட்! அனந்தபுரத்துக்காரர் ஒருவர் விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்துவிட்டாரென்றால் வெளிநாட்டு வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம்.

ஆனால், இந்த ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. தலைமன்னாரிலிருந்து போகும் ரயில் பாதை தென்கிழக்கே மதவாச்சிக்குப் போய்த்தான் வடக்குப் பாதையோடு சேரும். யாழ்ப்பாணம் போகிறவர் அங்கே இறங்கி, மறுபடியும் வடக்கே ஏறிப் போக வேண்டும். மூக்கைச் சுற்றித் தொடுகிற கதை. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே நேராக ஒரு வழி வேண்டும் என்றால், அது ஆகாயத்தில்தான் இருக்க முடியும்.

இருந்தது. அதைப் போட்டது ஏர் சிலோன்.

1947 டிசம்பர் 10. கொழும்புக்கு அருகே இரத்மலானை விமான நிலையத்திலிருந்து ஒரு டகோட்டா விமானம் கிளம்பியது. பெயர் ‘சீதா தேவி’. (ராமாயணப்படி இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு விமானத்தில் திரும்பியவர்களில் சீதையும் உண்டு. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்!) வடக்கே காங்கேசன்துறைக்கு அடுத்த பலாலியில் இறங்கி, அங்கிருந்து கிளம்பி சென்னை வந்து சேர்ந்தது. ஏர் சிலோனின் முதல் பயணமே யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான்.

தேதியை இன்னொரு தடவை பாருங்கள். இலங்கை சுதந்திரம் பெற்றது 1948 பிப்ரவரி 4. அதாவது, அந்த நாட்டைவிட அதன் விமான கம்பெனிக்கு எட்டு வாரம் வயது அதிகம்.

டகோட்டா என்பது இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களையும் சாமான்களையும் சுமந்த உழைப்பாளி. போர் முடிந்ததும் உபரி டகோட்டாக்கள் மலிவாகக் கிடைக்க, உலகம் முழுக்கப் புதுப்புது விமான கம்பெனிகள் முளைத்தன. காற்றழுத்தம் சரிசெய்யும் வசதி கிடையாது என்பதால் தாழ்வாகத்தான் பறக்கும். காது அடைக்கும், மேகத்தில் குலுங்கும். ஆனால், பலாலியிலிருந்து சென்னை நேர்கோட்டில் 350 கிலோமீட்டர் சொச்சம். டகோட்டாவின் வேகத்துக்கு ஒன்றரை மணி நேர வேலை. பலாலி ஓடுபாதையும் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டதுதான். யுத்தம் விட்டுப்போன விமானம், யுத்தம் விட்டுப்போன ஓடுபாதை. இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல காரியம் நடந்தது. பிற்பாடு திருச்சிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து விமானம் பறந்தது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு சின்ன கம்பெனியின் சின்னக் கதை. ஆனால், ஏர் சிலோனுக்கு லண்டன் ஆசை வந்தது!

தப்பில்லை. புதிதாகப் பிறந்த நாடு. கொடி இருக்கிறது, தேசிய கீதம் இருக்கிறது, வால் பகுதியில் பெயர் எழுதின விமானம் லண்டனில் போய் நிற்க வேண்டாமா? கொள்ளை ஆசை. கையில் காசில்லை. நாலு இன்ஜின் விமானம் வாங்கவும், ஓட்டவும், பழுது பார்க்கவும் ஆள் பலம் இல்லை.

இங்கேதான் பி.காம். படித்தவர்களுக்குப் பிடித்த விஷயம் வருகிறது. ஏர் சிலோனிடம் பணம் இல்லை. ஆனால், சொத்து இருந்தது. விமானப் போக்குவரத்தில் மிகப் பெரிய சொத்து விமானம் அல்ல, இறங்கும் உரிமை. 1944-ன் சிகாகோ ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாட்டின் தலைக்கு மேலே இருக்கும் ஆகாயமும் அந்தந்த நாட்டுக்கே சொந்தம். யார் வந்து இறங்கலாம், யார் டிக்கெட் விற்கலாம் என்பதை இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். சுதந்திர நாடு என்றாலே இந்த உரிமையைப் பேரம் பேசும் அந்தஸ்து வந்துவிடும். ஏர் சிலோனுக்கு அந்த அந்தஸ்து இருந்தது.

அதே சமயம், ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி நேரெதிர் அவஸ்தையில் இருந்தது. ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ். விமானம் இருந்தது, பைலட்கள் இருந்தார்கள். ஆனால், வெளிநாட்டுக்குப் பறக்கும் உரிமையை அரசாங்கம் தன் சொந்த கம்பெனியான குவான்டாஸுக்குக் கொடுத்துவிட்டது. முன்வாசல் மூடியவர்கள் பின்வாசல் தேடினார்கள். கொழும்பில் கதவு திறந்திருந்தது.

1949-ல் கல்யாணம் முடிந்தது. இலங்கை அரசுக்கு 51 சதவிகிதம், ஆஸ்திரேலியர்களுக்கு 49. டிசி-4 விமானங்கள் வந்தன. ஒரு பக்கம் பம்பாய், கராச்சி என்று தத்தித் தத்தி லண்டன். இன்னொரு பக்கம் சிங்கப்பூர் வழியாக சிட்னி. அந்தக் கால நெடுந்தூர விமானம் ஏறக்குறைய நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி. நின்று, பெட்ரோல் போட்டு, ஆள் ஏற்றி, அடுத்த ஊர் போகும். பிஸ்டன் இன்ஜினால் ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போக முடியாது.

1953-ல் அந்தக் கூட்டு முடிந்தது. சிட்னி கனவும் அதோடு போச்சு. அடுத்து 1956-ல் ஹாலந்தின் கே.எல்.எம். கைகொடுத்தது. கான்ஸ்டலேஷன் விமானம் வந்தது, பிறகு எலெக்ட்ரா. மறுபடி லண்டன். அதுவும் முறிந்தது. 1962-ல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. வந்தது, காமெட் ஜெட், அதற்கப்புறம் விசி-10. எழுபதுகளில் பிரான்சின் யூ.டி.ஏ. துணையோடு டிசி-8. கூட்டாளி மாறினால் விமானம் மாறும். எழுதியிருக்கும் பெயர் மட்டும் மாறாது: ஏர் சிலோன்.

கம்பெனி தன் பங்குக்குச் சொந்தமாக வாங்கின ஜெட் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. 1969-ல் வந்த டிரைடன்ட். ஒற்றை ஜெட்டை வைத்துக்கொண்டு கால அட்டவணை போடுவது ஒற்றை மாட்டை வைத்து ஏர் ஓட்டுவது போல. அது ஒரு நாள் படுத்தால் அட்டவணையும் சேர்ந்து படுக்கும்.

இரவல் சிறகில் பறப்பது கேவலமா? கிடையவே கிடையாது. ஐரோப்பாவின் வடக்கே டென்மார்க், சுவீடன், நார்வே என்று மூன்று சின்ன தேசங்கள். தனித்தனியே நெடுந்தூரம் பறக்கக் கட்டுப்படியாகாது என்று புரிந்துகொண்டு, 1946-ல் ஒன்றுசேர்ந்து எஸ்.ஏ.எஸ். என்று ஆரம்பித்தார்கள். 1954-ல் கோபன்ஹேகனிலிருந்து ஆர்க்டிக் பனிப் பிரதேசத்துக்கு மேலே பறந்து லாஸ் ஏஞ்சல்ஸ். 1957-ல் அலாஸ்கா வழியாக டோக்கியோ. 1967-ல் தாஷ்கண்ட் வழியாக பாங்காக். சின்ன நாடுகளுக்குப் பூகோளம் கொடுத்த ஒரே வசதி வடதுருவம் பக்கத்தில் இருந்ததுதான். அதையே முதலாக்கி வியாபாரம் செய்தார்கள்.

அதே எஸ்.ஏ.எஸ். 1959-ல் தாய்லாந்துக்காரர்களோடு 30 சதவிகிதம் கூட்டு போட்டது. பிறந்தது தாய் இன்டர்நேஷனல். தாய்லாந்தும் இரவல் சிறகில்தான் பறக்க ஆரம்பித்தது. ஆனால், பதினெட்டு வருஷம் தொழில் கற்றுக்கொண்டு, 1977-ல் அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொண்டது. கற்றுக்கொண்டு வெளியே வருவது ஒரு வழி. வாத்தியாரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொரு வழி.

எஸ்.ஏ.எஸ். கதையில் நம் கதைக்கு வேண்டிய பாடம் வேறொன்று இருக்கிறது. அந்த மூன்று பேரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். ஏர் சிலோனோ ஆஸ்திரேலியாவில், ஹாலந்தில், பிரிட்டனில், பிரான்சில் எல்லாம் கூட்டாளி தேடியது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்த பக்கத்து வீட்டோடு கூட்டு சேரவில்லை. பக்கத்து வீட்டுடன் அப்போது நடந்துகொண்டிருந்தது வேறு கணக்கு.

1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து ஜனங்களை எண்ணிப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்! அப்படி அனுப்பப்பட்டவர்கள் டிரங்குப் பெட்டியோடு கப்பலில் வந்து மண்டபம் முகாமில் இறங்கினார்கள். மூன்று தலைமுறை தேயிலை பறித்தவர்களுக்குக் கிடைத்த ஒரே வெளிநாட்டுப் பயணம் அது. ரிட்டர்ன் டிக்கெட் இல்லாத பயணம்.

அதே 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, எண்பதுகளில் நின்றே போனது.

விமானத்தின் முறை 1978-ல் வந்தது. செப்டம்பர் 7. இலங்கையின் புதிய அரசியல் சாசனம் அமலுக்கு வந்த அதே நாள். இரத்மலானையில் நின்றிருந்த ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் தமிழ்ப் போராளிகள் வைத்த குண்டில் எரிந்துபோனது. நல்லவேளையாக உயிர்ச் சேதம் இல்லை. ஏற்கெனவே நஷ்டத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனிக்கு அதற்கப்புறம் நீண்ட ஆயுள் இருக்கவில்லை. கடையைக் கட்டினார்கள். 1979 செப்டம்பர் 1 அன்று, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிர்வாக உதவியோடும் இரண்டு வாடகை போயிங் 707-களோடும் ஏர் லங்கா பறக்க ஆரம்பித்தது. மறுபடியும் இரவல்! 1998-ல் எமிரேட்ஸ் 40 சதவிகிதம் வாங்கி நிர்வாகத்துக்கு வந்ததும், பெயர் ஸ்ரீலங்கன் ஆனதும் அப்புறம் நடந்தவை.

அடுத்த வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்வதே நல்லது. 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கொழும்பு விமானத்தில் ஏற வேண்டிய பெட்டி அது. 1998 செப்டம்பரில் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் கடலில் விழுந்தது. சுட்டு வீழ்த்தப்பட்ட அதில் இருந்தவர்கள் 55 பேர். பலாலி முழுக்க முழுக்க ராணுவத் தளமாகிவிட்டிருந்தது. சுற்றியிருந்த ஊர்களின் ஜனங்கள் 1990-ல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். போர் முடிந்த பிறகும் நிலம் துண்டு துண்டாகத்தான் திரும்பியது.

இப்போது ஒரு பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்ப்போம். ஏர் சிலோன் மூடியபோது அறுந்தவை இரண்டு விதமான வழித்தடங்கள். லண்டன் போன்ற நெடுந்தூரத் தடங்கள். சென்னை - யாழ்ப்பாணம் என்கிற குட்டித் தடம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஐரோப்பாவுக்கு ஏர் லங்கா சீக்கிரமே பறந்துவிட்டது. 350 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையிலிருந்து பலாலிக்கு மறுபடி பயணிகள் விமானம் போக எத்தனை வருஷம் ஆனது? நாற்பத்தோரு வருஷம்!

2019 அக்டோபர் 17-ல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. நாலு மாதம் போவதற்குள் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி ஆரம்பம். 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்து இண்டிகோவும், 2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும். போவது பிரமாண்ட ஜெட் இல்லை. விசிறி வைத்த சின்ன ஏ.டி.ஆர். விமானம்தான். சீதா தேவியின் பேத்தி என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி, தூரம் கூடினால் செலவு கூடும். ஆகாயத்தில் அந்தக் கணக்கு செல்லுபடியாகவில்லை. லண்டனுக்குப் போக விமானம் போதும். அதை வாடகைக்கு எடுக்கலாம், கூட்டாளி பிடிக்கலாம், கடன் வாங்கலாம். பக்கத்து ஊருக்குப் போக மட்டும் இரண்டு கரையிலும் நிம்மதி வேண்டும். அதை எந்த கம்பெனியும் வாடகைக்குத் தருவதில்லை.