கொல்லிமலையில் ஒரு சிறுதொழில் அனுமதி: யார் ஆராய்கிறார்கள், எதை ஆராய வேண்டும்?

கொல்லிமலையில் சாமை அரைக்கும் ஆலையோ, மிளகு உலர்த்தும் கொட்டகையோ, பயணிகளுக்கான தேநீர்க்கடையோ தொடங்க விரும்பும் ஒருவர் எந்த அலுவலகங்களின் ஒப்புதலைப் பெற வேண்டும்? அந்த அலுவலகங்கள் எதைப் பார்த்து முடிவெடுக்கின்றன? விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது? பழங்குடி மக்களும் அவர்களோடு பணிபுரியும் தோழர்களும் கேட்கும் இக்கேள்விகளுக்கு விடையாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மலையும் மக்களும்

நாமக்கல் மாவட்டத்தில், செம்மேட்டைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம் கொல்லிமலை. இங்கு பேரூராட்சியோ நகராட்சியோ கிடையாது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு எனப் பழைய 'நாடு'களின் பெயரிலேயே கிராம ஊராட்சிகள் அமைந்துள்ளன. மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் 'மலையாளி' என்னும் பட்டியல் பழங்குடியினர். இம்மலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம், தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட இரு சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. சாமை, தினை, மிளகு, காபி, பலா, அன்னாசி ஆகியவை இங்கு விளைகின்றன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மகளிர் சுயஉதவிக் குழுக்களைக் கொண்டு சிறுதானிய ஆலைகளை இம்மலையில் இயக்கிக் காட்டியது. விளைபொருளை மலையிலேயே பதப்படுத்தினால் வருவாயின் பெரும்பங்கு மலையிலேயே தங்கும். அனுமதி என்பது இங்கு வயிற்றுப்பாட்டோடு கட்டுண்ட விவகாரம்.

ஆராய்பவர்கள் யார்?

மலைப்பகுதிகளில் வரைமுறையற்ற கட்டுமானத்தைத் தடுக்க 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் ஏற்படுத்தப்பட்டது. 'ஹாக்கா' என்பதே அதன் வழக்குப்பெயர். அதன் எல்லைக்குட்பட்ட மலைக்கிராமங்களில் கட்டடம் எழுப்ப, வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகளும் மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையும் கேட்கப்படுகின்றன. விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற, 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் தனி ஒப்புதல் வேண்டும். இயந்திரம் பொருத்தவும் தொழில் நடத்தவும் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். உணவுப் பொருளாயின், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவும் தேவை.

இக்கட்டுப்பாடுகளின் நோக்கத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. 2024 ஜூலையில் வயநாட்டில் மண்சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டதைக் கண்ட எவரும் எதிர்க்க இயலாது. சரிவும் நீரோட்டமும் ஆராயப்பட வேண்டியவையே. எனினும் ஆராய்பவர் அனைவரும் அலுவலர்கள். அந்நிலத்தில் தலைமுறைகளாக வாழும் மக்களின் கிராம சபைக்கு இந்த நடைமுறையில் சட்டப்படியான இடம் ஏதும் இல்லை. நிறுவனத்தின் பெருங்கட்டடமும் குடும்பத்தின் ஓட்டுக் கொட்டகையும் ஏறத்தாழ அதே படிகளில் ஏற வேண்டியிருக்கிறது. செலவழித்து வரைபடமும் சான்றும் பெறக்கூடியவருக்கு அது தாமதம் மட்டுமே. கூலிக்குச் செல்லும் குடும்பத்திற்கோ அது மூடிய கதவு. இதே மலையில்தான் மால்கோ நிறுவனம் பாக்சைட் வெட்டியெடுத்தது என்பதையும் மறக்கலாகாது.

எங்கே தடைபடுகிறது?

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவை விண்ணப்பத்தின் முதல் இணைப்புகள். பாட்டனார் பெயரிலேயே நிற்கும் கூட்டுப் பட்டாவும், பட்டாவே வழங்கப்படாத அனுபவ நிலமும் இங்கு தடையாகின்றன. தொழில் மலைக்கு ஏற்றதா என்ற கேள்வி எழுவதற்கு முன்பே, காகிதம் இல்லை என்ற காரணத்தால் கோப்பு திரும்பிவிடுகிறது.

வன உரிமைச் சட்டம், 2006 இக்குறையை ஓரளவு தீர்த்திருக்க வேண்டும். ஆயினும் தமிழ்நாட்டில் 2008-இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் உரிமை ஆவணம் வழங்குவது நெடுங்காலம் முடங்கியது. 2016-இல்தான் உச்சநீதிமன்றத்தால் அத்தடை நீங்கியது. ஏறக்குறைய எட்டு ஆண்டுகளை மக்கள் இழந்தனர்.

மலையேறாத சட்டங்கள்

இரு பாதுகாப்புகள் கொல்லிமலையை எட்டவே இல்லை. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதும் அறிவிக்கப்படவில்லை. ஆதலால் கிராம சபைக்கு வலுவான அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் 'பெசா' சட்டம் இங்கு பொருந்தாது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர்ப்புறங்களை முன்னிறுத்தியது. அச்சட்டத்தின்படி நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. ஆகாய கங்கை அருவிக்குச் செல்லும் வழியில் அன்னாசி விற்கும் பெண்ணுக்கு அத்தகைய குழு ஏதும் இல்லை.

கையில் இருக்கும் கருவிகள்

முதலாவது, வன உரிமைச் சட்டத்தின் 3(1)(இ) பிரிவு சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமையளிக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட விதிகள் தனியாகவோ கூட்டாகவோ பதப்படுத்துதல், சேமித்தல், மதிப்புக் கூட்டுதல், வனத்திற்கு வெளியே கொண்டுசெல்லுதல் ஆகியவற்றையும் அவ்வுரிமைக்குள் அடக்குகின்றன. தேனையோ நெல்லிக்காயையோ பதப்படுத்தும் பழங்குடிக் குழு, இவ்விதியைத் தன் விண்ணப்பத்திலேயே சுட்டிக்காட்ட வேண்டும்.

இரண்டாவது, காரணம் கேட்கும் உரிமை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, திட்டப் பகுதிகளில் அனுமதியின் நோக்கத்தையும் இடத்தின் பொருத்தத்தையும் கருதி முடிவெடுக்கச் சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதியச் சொல்கிறது. திட்டப் பகுதியாக அறிவிக்கப்படாத ஊர்களுக்கும் இந்நெறி பொருந்த வேண்டும் என்பதே எங்கள் வாதம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவின் காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியுள்ளது. வாய்மொழி மறுப்பை ஏற்றுத் திரும்பிவிடக் கூடாது. விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டும் எழுத்துமூல ஆணையும் இருந்தால்தான் மேல்முறையீடோ உயர்நீதிமன்ற ரிட் மனுவோ நிற்கும்.

மூன்றாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பிறர் செய்யும் உரிமையுள்ள தொழிலையோ வணிகத்தையோ பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ செய்யவிடாமல் தடுப்பது, அப்பிரிவினர் அல்லாதோர் செய்யும்போது, தண்டனைக்குரிய குற்றம். பொருளாதாரப் புறக்கணிப்பும் அவ்வாறே. பொது ஊழியருக்குப் பொய்த்தகவல் அளித்து, அவரது அதிகாரத்தை இம்மக்களுக்குத் தீங்காகத் திருப்பிவிடுவதும் குற்றம். போட்டிக் கடைக்காரர் பொய்ப்புகார் எழுதிக் கடையை மூடவைக்கும்போது இப்பிரிவை நினைவில் கொள்ள வேண்டும். அதே வேளையில், எல்லா நிராகரிப்பும் வன்கொடுமை ஆகிவிடாது. ஆதாரமுள்ள இடத்தில் மட்டும் இச்சட்டத்தைக் கையாள்வதே அதன் கூர்மையைக் காக்கும்.

நான்காவது, 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு.

நாங்கள் கோருவது

சரிவு, பரப்பளவு, நீர்ப்பயன்பாடு ஆகியவற்றின் அடிப்படையில், குடும்பத்தொழில்களுக்கெனத் தனியான, எளிய ஆய்வுமுறை வகுக்கப்பட வேண்டும். செம்மேட்டிலேயே எல்லாத் துறையினரும் ஒரே நாளில் அமர்ந்து கோப்புகளை ஆராய வேண்டும். வன உரிமை ஆவணமும் கிராம சபைத் தீர்மானமும் பட்டாவுக்கு இணையான சான்றாக ஏற்கப்பட வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் கிராம சபையால் தேர்ந்தெடுக்கப்பட்ட பழங்குடிப் பெண்களும் ஆண்களும் இருக்க வேண்டும். மலையைக் காப்பதற்கென இயற்றப்பட்ட விதிகள், அம்மலையின் மக்களைத் தங்கள் நிலத்திலேயே அயலாருக்குக் கூலிகளாக்கிவிடலாகாது.